இல்லாத சிலைகளைப் பார்க்கப் போன கதை: சோஃபியாவில் ஐந்து நாள்

முதல் நாள், திங்கள்

வியன்னாவில் அலுவலக வேலை வெள்ளிக்கிழமையே முடிந்துவிட்டது. கையில் ஷெங்கன் விசா இருக்கிறது, விடுப்பும் பாக்கி இருக்கிறது. பாரிஸ், ரோம் எல்லாம் குடும்பத்தோடு போய்க்கொள்ளலாம் என்று பல்கேரியாவின் தலைநகர் சோஃபியாவுக்கு டிக்கெட் போட்டேன். பாதிக் காரணம் மலிவு. மீதிக் காரணம் பெரியப்பா.

பெரியப்பா கோயமுத்தூரில் பஞ்சாலைத் தொழிலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர், சங்கத்துக்காரர். வருஷம் தவறாமல் ஜனவரி 8 அன்று, தூக்கிலிடப்பட்ட பஞ்சாலைத் தொழிலாளர்களான சின்னியம்பாளையம் தியாகிகளுக்கு அஞ்சலி செலுத்தப் போய்விடுவார். நியூ செஞ்சுரி புத்தக வேனில் வாங்கிய மாஸ்கோ பதிப்புகள் அவர் அலமாரியில் வரிசையாக நிற்கும். ‘சோவியத் நாடு’ பத்திரிகையின் வழவழத் தாளில்தான் நான் பள்ளிக்கூடப் புத்தகங்களுக்கு அட்டை போட்டேன். சோஃபியா போகிறேன் என்று போனில் சொன்னதும் அவர் குரலே மாறிவிட்டது.

“சோஃபியாவா? திமித்ரோவ் ஊராச்சே! அவரோட சமாதி அங்கதான் இருக்குது. போயி என் பேருல ஒரு பூ வெச்சுட்டு வா சாமி.”

சாமி கும்பிடாத மனிதர். ஆனால் கொங்கு வாய்க்கு எல்லாப் பிள்ளைகளும் சாமிதான்.

ஜெர்மனியின் நாடாளுமன்றம் 1933இல் எரிந்தபோது, பழியைக் கம்யூனிஸ்டுகள் மேல் போட்டு லைப்சிக் நகரில் வழக்கு நடத்தினார்கள் நாஜிகள். கூண்டில் நின்றவர்களில் ஒருவர் பல்கேரியக் கம்யூனிஸ்ட் கியோர்கி திமித்ரோவ், பின்னாளில் அந்நாட்டை ஆண்டவர். சாட்சி சொல்ல வந்த ஹிட்லரின் அமைச்சர் கோயரிங்கையே குறுக்கு விசாரணை செய்து, ஆத்திரத்தில் கத்த வைத்து, கடைசியில் விடுதலையும் ஆனார். பெரியப்பா இந்தக் கதையைக் குஸ்திச் சண்டை வர்ணனை மாதிரி சொல்வார். சின்ன வயதில் எனக்குத் திமித்ரோவும் சாண்டோ சின்னப்பா தேவரும் ஒரே ரகம்.

விமான நிலையத்திலிருந்து மெட்ரோ நேராக ஊருக்குள் வருகிறது. செர்திகா நிலையத்தில் இறங்கினால் தரைக்கடியில் ரோமானியர் காலத்துச் செங்கல் சுவர்களும் கல் பாவிய தெருவும் கிடக்கின்றன. மெட்ரோவுக்குத் தோண்டும்போது வந்தவையாம். மேலே ஏறினால் ஒரு பக்கம் மசூதி, ஒரு பக்கம் தேவாலயம், நடுவில் டிராம். தெற்கே விதோஷா மலை, ஊரை எட்டிப் பார்ப்பதுபோல் நிற்கிறது. கோவைக்காரனுக்கு மலை தெரிகிற ஊர் என்றாலே பாதி நிம்மதி.

தெருவில் நடக்கும்போது முதலில் கண்ணில் பட்டது சுவரொட்டிகள். வீட்டுக் கதவு, மரம், பஸ் நிறுத்தம் என்று எல்லா இடத்திலும் ஒரு தாள். அதில் ஒரு புகைப்படம், கீழே நாலு வரி. நம் ஊர் கண்ணீர் அஞ்சலியேதான்! அளவு மட்டும் சின்னது, தலைவர்கள் படம் கிடையாது. நெக்ரோலோக் என்கிறார்கள். இறந்த அன்று, நாற்பதாம் நாள், ஆறு மாதம், ஒரு வருஷம், பத்து வருஷம் என்று ஒட்டிக்கொண்டே இருப்பார்களாம். மழையில் நைந்த ஒரு பாட்டியின் முகம், தங்கும் விடுதியின் கதவிலேயே இருந்தது. அவரைத் தள்ளித்தான் உள்ளே போக வேண்டும்.

இரவு தயிர் வாங்கப் போனேன். கடை என்றால் கடை இல்லை. நடைபாதையோடு ஒட்டி, முழங்கால் உயரத்தில் ஒரு ஜன்னல். கட்டடத்தின் நிலவறையில் கடைக்காரம்மா உட்கார்ந்திருக்கிறார். நாம் குந்தி உட்கார்ந்துதான் பேச வேண்டும். ‘கிசெலோ ம்ல்யாகோ’ என்று மனப்பாடம் செய்ததைச் சொன்னேன். அவர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். இல்லை போலிருக்கிறது என்று எழுந்து நாலு எட்டு வைத்துவிட்டேன். கீழேயிருந்து கத்தல். திரும்பிப் பார்த்தால் ஜன்னல் வழியாக ஒரு கை மட்டும் வெளியே நீண்டிருக்கிறது, கையில் தயிர் டப்பா.

இரண்டாம் நாள், செவ்வாய்

இன்று கம்யூனிஸ்ட் கால நடைச் சுற்றுலா. எங்கள் குழுவில் பதினோரு பேர். வழிகாட்டிக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அந்த ஆட்சி முடிந்தபின் பிறந்தவள். வந்ததும் முதல் வேலையாக என் தயிர்ச் சந்தேகத்தைத் தீர்த்துவைத்தாள். பல்கேரியர்கள் ‘ஆமாம்’ என்பதற்குத் தலையை இடம் வலமாக ஆட்டுவார்கள், ‘இல்லை’க்கு மேலும் கீழும். “நீங்கள் இந்தியர்தானே, உங்களுக்குப் புரிய வேண்டுமே” என்றாள். நாங்கள் ஆட்டுவது வேறு, அது இரண்டுக்கும் நடுவில் என்று ஆட்டிக் காட்டினேன். அமெரிக்கக் கிழவர் ஒருவர் அதைக் காணொளி எடுத்துக்கொண்டார்.

அந்தப் பள்ளத்துக் கடைக்குப் பெயர் க்ளெக். க்ளெக் என்றால் குந்துவது. அது கம்யூனிஸ்ட் காலத்தது என்றே நினைத்திருந்தேன். இல்லையாம். 1989இல் அந்த ஆட்சி விழுந்த பிறகு, கடை வாடகைக்கு வக்கில்லாதவர்கள் தங்கள் வீட்டு நிலவறையிலேயே ஜன்னலை உடைத்துக் கடை போட்டார்களாம். “முதலாளித்துவத்தை எங்களுக்கு முழங்கால் போட்டுத்தான் கற்றுக்கொடுத்தார்கள்” என்றாள். தினமும் சொல்லும் வசனமாகத்தான் இருக்கும், ஆனாலும் எல்லோரும் சிரித்தோம்.

லார்கோ என்கிற மையச் சதுக்கத்தில் நின்றோம். இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகள் போட்ட குண்டில் நகரின் நடுப்பகுதி நாசமாகியிருந்தது. அந்த வெற்றிடத்தில் 1950களில் ஸ்டாலின் பாணியில் எழுப்பியவை இந்தக் கட்டடங்கள். நடுவில் கப்பல் முனை மாதிரி கூர்ந்து வருவது கட்சித் தலைமையகம். இடப்பக்கம் சூம் என்ற அரசுப் பல்பொருள் அங்காடி. வலப்பக்கக் கட்டடத்தில் இப்போது குடியரசுத் தலைவர் அலுவலகம். அதன் முற்றத்துக்குள் 4ஆம் நூற்றாண்டுச் செங்கல் தேவாலயம் ஒன்று, மாமியார் வீட்டில் மூலையில் உட்கார்ந்த புது மருமகள் மாதிரி அடக்கமாக இருக்கிறது.

“கட்சி அலுவலக உச்சியைப் பாருங்கள், என்ன தெரிகிறது?” என்றாள். கொடிக்கம்பம் தெரிந்தது. “அங்கே சிவப்புக் கண்ணாடி நட்சத்திரம் இருந்தது. 1990 அக்டோபரில் ஹெலிகாப்டர் வைத்துத் தூக்கினார்கள்.” பிறகு எதிர்ப்பக்கம் திரும்பச் சொன்னாள். உயரமான தூண்மேல் கறுப்பு உடையும் பொன் நிற முகமும் கைகளுமாக ஒரு பெண் சிலை. கையில் மாலை, தோளருகே ஆந்தை. “இது சோஃபியா. 2000இல் வைத்தது. இந்த இடத்தில் லெனின் இருந்தார்.” ஊரின் பெயர் எந்தப் பெண்ணாலும் வந்ததில்லை, ‘புனித ஞானம்’ என்ற பெயருடைய பழைய தேவாலயத்தால் வந்தது. ஆந்தையும் கிரீடமுமாக நிற்கும் இவள் புனிதையா, கிரேக்க தேவதையா என்று திருச்சபைக்காரர்களுக்கு இன்னும் மனத்தாங்கல். லெனின் இருந்தபோது ஒரு சாராருக்குத்தான் கோபம், இப்போது எல்லோருக்கும் கோபம் என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் காசு கொடுத்துப் பார்க்க வந்ததில் பாதி அங்கே இல்லை. அவள் விரல் காட்டுகிற இடத்தில் எல்லாம் வானம்தான் இருக்கிறது.

புனித நெதெல்யா தேவாலயத்தின் முன்னால் அவள் குரல் தாழ்ந்தது. 1925 ஏப்ரல் 16. கம்யூனிஸ்ட் கட்சியின் இராணுவப் பிரிவு முதலில் ஒரு தளபதியைச் சுட்டுக் கொன்றது. அவரது இறுதிச் சடங்குக்கு நாட்டின் பெரிய மனிதர்கள் எல்லோரும் கூடுவார்கள் என்று கணக்குப் போட்டு, இந்தத் தேவாலயத்தின் கூரையில் வெடி வைத்தார்கள். 150 பேருக்கு மேல் செத்தார்கள். மன்னர் போரிஸ் அங்கே இல்லாததால் தப்பினார். பதிலுக்கு அரசு இடதுசாரிகளை வேட்டையாடியது. விசாரணையே இல்லாமல் நூற்றுக்கணக்கானோர் காணாமல் போனார்கள். அவர்களில் ஒருவர் கவிஞர் கெயோ மிலெவ். முதல் உலகப் போரில் ஒரு கண்ணை இழந்து கண்ணாடிக் கண் பொருத்தியிருந்தவர். பல வருஷங்கள் கழித்து, ஊருக்கு வெளியே ஒரு பெரும் புதைகுழியைத் தோண்டியபோது எலும்புகளுக்கு நடுவே அந்தக் கண்ணாடிக் கண் கிடைத்தது. அதை வைத்துத்தான் அவரை அடையாளம் கண்டார்கள்.

பதினோரு பேரும் பேசாமல் நின்றோம். உள்ளே யாருக்கோ திருமணம் நடந்துகொண்டிருந்தது.

1944 செப்டம்பரில் செஞ்சேனை வந்தது, ஆட்சி கைமாறியது. அடுத்த சில மாதங்களில் ‘மக்கள் நீதிமன்றம்’ விதித்த மரண தண்டனைகள் 2,700க்கு மேல். அதன்பின் டான்யூப் ஆற்றுத் தீவில் அரசியல் கைதிகளை அடைத்த பெலெனே முகாம். பெரியப்பாவின் அலமாரியில் இந்தப் பெயரை நான் பார்த்ததில்லை.

மசூதி முன்னால் சொன்ன கதை அதைவிட அண்மையது. 1984-85 குளிர்காலத்தில் நாட்டிலிருந்த துருக்கியர்கள் எல்லோருக்கும் பெயரை மாற்றினார்கள். அகமதுவை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, நீ இனிமேல் ஆசென் என்று தாள் கொடுப்பது. 1989 கோடையில் எல்லையைத் திறந்ததும் சுமார் 3,60,000 பேர் மூட்டை முடிச்சோடு துருக்கிக்குப் போனார்கள். சுற்றுலா பாஸ்போர்ட்டில் அனுப்பியதால் அதற்கு ‘பெரிய சுற்றுலா’ என்று பெயர் வைத்தார்கள். நானும் சுற்றுலாவில்தான் நிற்கிறேன் என்பது சங்கடமாக இருந்தது.

கடைசியாக மஞ்சள் கல் பாவிய சாலை வழியாகப் பூங்காவுக்குப் போனோம். அந்தக் கற்கள் நூறு வருஷத்துக்கு மேல் பழையவை, ஆஸ்திரியா-ஹங்கேரியிலிருந்து வந்தவை. லேசான தூறல். சோப்புத் தடவிய மாதிரி வழுக்குகிறது. பழைய அரண்மனைக்கு எதிரே, பூங்காவின் ஓரத்தில் வெறும் திறந்தவெளி.

“இங்கேதான் திமித்ரோவின் சமாதி இருந்தது” என்றாள்.

கூகுளில் தேடியிருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை. பெரியப்பா சொன்னால் இருக்கும், அவ்வளவுதான்.

1949 ஜூலை 2 அன்று மாஸ்கோ அருகே திமித்ரோவ் இறந்தார். உடலைப் பதப்படுத்திக் கொண்டுவருவதற்குள் ஆறே நாளில் வெள்ளைக் கட்டடம் ஒன்றை எழுப்பிவிட்டார்கள். நாற்பது வருஷம் உள்ளே கண்ணாடிப் பெட்டியில் உடல், வெளியே அசையாத காவலர்கள். ஊர்வலம் நடக்கும் நாள்களில் தலைவர்கள் மேலே ஏறி நின்று கையசைப்பார்கள். 1990இல் உடலை எடுத்து எரித்துச் சாம்பலை நகர இடுகாட்டில் புதைத்தார்கள். காலிக் கட்டடத்தை 1999 ஆகஸ்டில் வெடி வைத்துத் தகர்க்க முடிவு செய்தது அப்போதைய அரசு. தொலைக்காட்சிகள், கூட்டம், ஏக அமர்க்களம். வெடித்தது. புகை விலகியதும் பார்த்தால் கட்டடம் லேசாகச் சாய்ந்து நிற்கிறது! மறுபடி வெடித்தார்கள். நாலு தடவை ஆயிற்று. ஆறு நாளில் கட்டியதை இடிக்க ஒரு வாரம்.

வழிகாட்டியின் அப்பா அன்றைக்குக் கூட்டத்தில் நின்று கைதட்டியவராம். பாட்டி வீட்டில் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாராம். “யார் செய்தது சரி?” என்று அமெரிக்கக் கிழவர் கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். எந்தப் பக்கம் ஆட்டினாள் என்பதை நான் கவனித்தேன், ஆனால் அர்த்தம் எடுக்கத் தெரியவில்லை.

அந்த வெட்டவெளியைப் படம் எடுத்தேன். ஒரு குழந்தை சைக்கிள் பழகிக்கொண்டிருந்தது. பெரியப்பாவுக்கு இன்னும் அனுப்பவில்லை.

மூன்றாம் நாள், புதன்

காலையில் பனித்ஸா. வெள்ளைச் சீஸ் வைத்துச் சுருட்டிய பொரிபொரிப்பான பலகாரம். கூடவே போஸா என்று ஒரு பானம் வாங்கினேன். பழுப்பு நிறம், கெட்டியாக, புளிப்பும் இனிப்புமாக இருந்தது. தானியத்தைப் புளிக்கவைத்துச் செய்வதாம், சிறுதானியத்திலும் செய்வதுண்டாம். நம் கம்பங்கூழில் யாரோ சர்க்கரை போட்டுக் கெடுத்த மாதிரி. உள்ளூர்க்காரர்கள் ரசித்துக் குடிக்கிறார்கள். நான் பாதியில் நிறுத்திவிட்டேன்.

சோவியத் இராணுவ நினைவுச்சின்னம் 1954இல் வைத்தது. உச்சியில் துப்பாக்கி தூக்கிய செஞ்சேனை வீரன், பக்கத்தில் ஒரு தொழிலாளி, குழந்தையோடு ஒரு பெண். எல்லாம் படத்தில் பார்த்ததுதான். 2023 டிசம்பரில் சிலைகளைக் கழற்றி இறக்கிவிட்டார்கள். இப்போது சுற்றிலும் வேலி, நடுவில் மொட்டைத் தூண். எனக்கு இதெல்லாம் பழகிவிட்டது.

ஆனால் இந்தச் சின்னத்துக்கு ஒரு தனிக் கீர்த்தி உண்டு. கீழே பக்கவாட்டில் பாய்ந்து வரும் சிப்பாய்களின் உலோகச் சிற்பம் ஒன்று. 2011 ஜூனில் ஒருநாள் விடிந்து பார்த்தால் ஒருவன் சூப்பர்மேன், ஒருவன் ஜோக்கர், ஒருவன் கிறிஸ்துமஸ் தாத்தா. இரவோடு இரவாக யாரோ வண்ணம் பூசி, கீழே ‘காலத்தோடு ஒட்டி’ என்று எழுதியும் வைத்துவிட்டார்கள். ரஷ்யத் தரப்பு கொதித்தது, கழுவினார்கள். 2013இல், செக்கோஸ்லோவாகியாவுக்குள் 1968இல் படை நுழைந்ததற்கு மன்னிப்புக் கேட்டு முழுக்க இளஞ்சிவப்பு. 2014இல் உக்ரைன் கொடியின் மஞ்சளும் நீலமும். கழுவக் கழுவப் பூசினார்கள். நம் ஊரில் சிலைக்குக் கூண்டு போட்டுப் பூட்டுவார்கள், தெரியாதா.

வேலிக்கு இந்தப் பக்கம் பையன்கள் ஸ்கேட்போர்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவனிடம் பேச்சுக் கொடுத்தேன். சிலைகள் போனதில் அவனுக்கு வருத்தமா என்று கேட்டதற்கு, வேலி போட்டதில்தான் வருத்தம், பளிங்குப் படிகள் நன்றாக வழுக்கும் என்றான். என் நாட்டில் ஸ்டாலின் என்ற பெயருடையவர் முதலமைச்சரே ஆகியிருக்கிறார் என்றேன். நம்பவில்லை. ஸ்டாலின் சாவதற்கு நாலு நாள் முன்பு பிறந்தவர் என்று சொல்லி, போனில் படமும் காட்டினேன். நண்பர்களைக் கூப்பிட்டுக் காட்டினான். ஆனால் இவர்களுக்கும் இது புதிதில்லை. கருங்கடல் ஓரத்து வர்ணா நகரத்துக்கே 1949 முதல் 1956 வரை ஸ்டாலின் என்றுதான் பெயர். நாட்டின் மிக உயரமான முசாலா சிகரமும் கொஞ்ச காலம் ஸ்டாலின் சிகரம். தலைவர் போனார், பெயர் போயிற்று, மலை அங்கேயே இருக்கிறது.

பிற்பகலில் என்.டி.கே என்கிற தேசியப் பண்பாட்டு மாளிகை. முதல் பல்கேரிய அரசு தோன்றி 1,300 ஆண்டு ஆனதைக் கொண்டாட 1981இல் திறந்தது. இதன் பின்னால் இருந்தவர் லுத்மிலா ஷிவ்கோவா. 35 வருஷம் நாட்டை ஆண்ட தோதர் ஷிவ்கோவின் மகள், பண்பாட்டுத் துறைத் தலைவி. கட்சிக்காரர் மகளுக்கு யோகத்திலும் இந்தியத் தத்துவத்திலும் பெரிய ஈடுபாடு. மாளிகை திறந்த நாலு மாதத்துக்குள் இறந்துபோனார், வயது 38.

மாளிகைக்கு முன்னால் அதே கொண்டாட்டத்துக்காக ஒரு பெரிய நவீனச் சிற்பமும் எழுப்பினார்கள். அவசரத்தில் கட்டியது, சில வருஷங்களிலேயே பலகைகள் பெயர்ந்து விழ ஆரம்பித்தன. ஊரார் அதற்கு வைத்த பட்டப்பெயரை இங்கே எழுத முடியாது. 2017இல் அதை எடுத்துவிட்டு, அதற்கும் முன்னால் அந்த இடத்தில் இருந்த, போர்களில் மாண்ட பழைய படைப்பிரிவு வீரர்களின் நினைவுச் சுவரைத் திரும்ப நிறுவி, சிங்கத்தையும் கொண்டுவந்து வைத்தார்கள். ஆக, ஒன்றை இடித்து ஒன்று, அதை இடித்துப் பழையபடி முதலாவது. பக்கத்திலேயே பெர்லின் சுவரின் ஒரு துண்டும், கம்யூனிஸ்ட் ஆட்சியில் கொல்லப்பட்டவர்களின் பெயர் பொறித்த நீண்ட கறுப்புச் சுவரும் இருக்கின்றன. பெயர்களை வாசிக்க ஆரம்பித்தேன். இரண்டாவது பலகையிலேயே நிறுத்திக்கொண்டேன். எழுத்துகள் சின்னவை, சுவர் நீளமானது.

இரவு ஷோப்ஸ்கா சாலட். தக்காளி, வெள்ளரி, மேலே துருவிய வெள்ளைச் சீஸ். தேசிய உணவு, பாட்டி காலத்துப் பக்குவம் என்று நினைத்தால், 1950களில் அரசின் சுற்றுலா நிறுவனமான பால்கன்டூரிஸ்ட் சமையல்காரர்கள் வெளிநாட்டுப் பயணிகளுக்காக உருவாக்கியது என்கிறார்கள். கொடியின் நிறங்கள் அப்படியே தட்டில். அந்த ஆட்சி விட்டுப்போனவற்றில் இதை மட்டும் யாரும் இடிக்கச் சொல்லவில்லை.

நான்காம் நாள், வியாழன்

காலையில் ‘ரெட் ஃப்ளாட்’. 1980களில் ஒரு நடுத்தரக் குடும்பம் வாழ்ந்த மாதிரி ஒரு வீட்டை அமைத்து வைத்திருக்கிறார்கள். எதையும் தொடலாம், அலமாரியைத் திறக்கலாம், நாற்காலியில் உட்காரலாம். பூப்போட்ட சுவர்க் காகிதம், கண்ணாடி அலமாரியில் யாரும் பயன்படுத்தாத கோப்பைகள், தொலைக்காட்சி மேல் விரித்த லேஸ் துணி. எங்கள் சிங்காநல்லூர் வீட்டில் டயனோரா மேல் அம்மா விரித்த துணிக்கு இது அக்கா தங்கை முறை. ஆரஞ்சும் வாழைப்பழமும் புத்தாண்டை ஒட்டித்தான் கடைக்கு வரும் என்பதால் பிள்ளைகளுக்கு அந்த வாசனைதான் பண்டிகையாம். வாழைப்பழத்துக்காக வரிசையில் நிற்பதைக் கேட்டால் நம் ஊரில் யார் நம்புவார்கள்?

பிராவெத்ஸ் கம்ப்யூட்டர்களைப் பற்றியும் அறிந்துகொண்டேன். ஷிவ்கோவ் பிறந்த ஊரின் பெயரில், ஆப்பிள் கணினியைப் பார்த்துச் செய்து, சோசலிச நாடுகளுக்கெல்லாம் விற்றார்கள். நகலெடுப்பதிலும் திறமை வேண்டுமே.

பிற்பகலில் சோசலிசக் கலை அருங்காட்சியகம். இங்கேதான் எனக்கு வாழ்வு வந்தது. போக வேண்டிய மெட்ரோ நிலையத்தின் பெயர்: ஜி. எம். திமித்ரோவ்! நடைமேடையில் பெயர்ப்பலகையோடு செல்ஃபி எடுத்து, உடனே பெரியப்பாவுக்கு அனுப்பிவிட்டேன். சமாதி இல்லாவிட்டால் என்ன, மெட்ரோ நிலையம் இருக்கிறதே.

தோட்டத்துக்குள் நுழைந்ததும் அந்தச் சிவப்பு நட்சத்திரம். இரண்டு நாளாக வானத்தில் கற்பனை செய்தது தரையில் உட்கார்ந்திருக்கிறது. கிட்டப் போனால் கண்ணாடித் துண்டுகளை இரும்புச் சட்டத்தில் பொருத்தியிருப்பது தெரிகிறது. கையெட்டும் தூரத்தில் பார்க்கும்போது ஒரு நட்சத்திரத்துக்குப் பெரிய மரியாதை இருப்பதில்லை. மாலை வெயில் உள்ளே புகுந்தபோது மட்டும் ஒரு கணம், அடுப்புத் தணல் மாதிரி.

புல்வெளி முழுக்கச் சிலைகள், எழுபதுக்கு மேல் இருக்கும். லார்கோவில் நின்ற லெனின் இங்கே கையை மடித்துக்கொண்டு மரங்களைப் பார்க்கிறார். அறுவடைப் பெண்கள், கொரில்லா வீரர்கள், சே குவேரா. திமித்ரோவ் ஒருவர் அல்ல, பலர்: நிற்பவர், யோசிப்பவர், தலை மட்டும். ஊரெங்கும் தனித்தனியாக அதிகாரமாக நின்றவர்கள் இங்கே ரேஷன் கடை வரிசை மாதிரி நெருக்கியடித்து நிற்கிறார்கள். ஒரு லெனினின் தோளில் புறா. தோட்டக்காரர் இலைகளைப் பெருக்கிக்கொண்டே திமித்ரோவின் பாதத்தில் துடைப்பத்தைச் சாய்த்துவிட்டுப் போனார்.

அருங்காட்சியக ஊழியர் ஒருவரிடம், திமித்ரோவ் பெயரில் மெட்ரோ நிலையமாவது விட்டுவைத்தார்களே என்றேன். அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அது இந்தத் திமித்ரோவ் இல்லையாம். அவரும் கியோர்கி திமித்ரோவ், விவசாயிகள் கட்சித் தலைவர், கம்யூனிஸ்டுகளை எதிர்த்தவர்; 1945இல் உயிர் தப்பி நாட்டைவிட்டு ஓடி, அமெரிக்காவில் இறந்தவர். குழப்பம் வேண்டாம் என்றுதான் முதலெழுத்துகளோடு சேர்த்து எழுதுகிறார்களாம்.

போனை எடுத்தால் பெரியப்பாவிடமிருந்து குரல்பதிவு: “படத்த சங்க ஆபீசுல எல்லாத்துக்கும் காட்டிட்டேன் கண்ணு. ரொம்பச் சந்தோசம்.”

கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். சமாதி, நாலு தடவை வெடி, நிலையம். கண்ணாடிக் கண்ணையும் சொன்னேன், தேவாலயக் கூரையையும் சொன்னேன், பெலெனேயையும் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டுமா என்று தெரியவில்லை. நடுவில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

“லைப்சிக்ல பேசுனது அவருதானே?”

“ஆமாங் பெரியப்பா, அது அவருதானுங்.”

“செரி. அப்புறம் இங்கெ நானே போயி எல்லாத்துகிட்டயும் சொல்லீர்றேன், அது வேற ஆளுன்னு.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “சாம்பல எங்கியோ பொதச்சாங்கன்னியே, அது எங்கெ?”

திமித்ரோவ்கிராத் என்று ஓர் ஊரே இன்னும் அவர் பெயரில் இருக்கிறது என்று சொல்ல மறந்துவிட்டேன். நாளைக்குச் சொல்ல வேண்டும்.

ஐந்தாம் நாள், வெள்ளி

மாலை விமானம். காலையில் பெட்டியைக் கட்டி விடுதியிலேயே வைத்துவிட்டு, டிராம் பிடித்து வடக்கே மத்திய இடுகாட்டுக்குப் போனேன்.

வாசலில் பூக்கடைகள். குளிருக்குத் தலையில் துணி கட்டிய ஒரு அம்மா கார்னேஷன் விற்றுக்கொண்டிருந்தார். மூன்று விரல் காட்டினேன். தலையை மேலும் கீழும் ஆட்டினார். அதாவது, இல்லை. மூன்றில் ஒன்றைப் பிடுங்கி வாளியில் போட்டுவிட்டு இரண்டைக் கையில் கொடுத்தார். அப்புறம் இடுகாட்டைக் காட்டி இரண்டு விரல், ஊர்ப்பக்கம் காட்டி மூன்று விரல். இறந்தவர்களுக்கு இரட்டைப்படை, இருப்பவர்களுக்கு ஒற்றைப்படை. மொய் 101 என்று எழுதும் ஊரிலிருந்து வந்தவனுக்கு மொழிபெயர்ப்பே வேண்டியிருக்கவில்லை.

“கியோர்கி திமித்ரோவ்?” என்று கேட்டேன்.

“கோய் திமித்ரோவ்?” என்றார். எந்த திமித்ரோவ்?

இவர்களுக்கு அந்தப் பெயர் நம் முருகேசன் மாதிரி. உள்ளே போனதும் புரிந்தது. வரிசை வரிசையாகக் கல்லறைகள், பளிங்கில் பதித்த முகங்கள். திமித்ரோவ், திமித்ரோவா, கியோர்கி திமித்ரோவ், மறுபடியும் கியோர்கி திமித்ரோவ். ஒருவர் பொறியாளர் போலிருக்கிறது, ஒருவர் சீருடையில், ஒருவர் மீசையோடு. இடுகாடு ஒரு சின்ன ஊர் அளவு. ஒரு மணி நேரம் சுற்றினேன். எதிர்ப்பட்ட இரண்டு பேரும் ஆளுக்கொரு திசை காட்டினார்கள். இலைகள் ஈரமாக ஷூவில் ஒட்டின. விமானத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

பெரியப்பாவைக் கூப்பிட்டேன். கோவையில் பிற்பகல், தூக்கத்திலிருந்து எழுந்த குரல்.

“கெடைக்கலீங். இங்கெ பூராவும் திமித்ரோவா இருக்குதுங்.”

“எத்தன பூ வாங்குனே?”

“ரெண்டுங்.”

“செரி, வீணாக்காதே. ஏதோ ஒரு திமித்ரோவுக்கு வெச்சுட்டுக் கெளம்பு சாமி, பிளேனுக்கு நேரமாச்சு.”

பக்கத்தில் ஒரு கல்லறை. முகப்படம் வெயிலில் வெளுத்து ஆளே தெரியவில்லை, குடும்பப் பெயர் மட்டும் தெரிந்தது. மேலே கிடந்த சருகுகளைத் தள்ளிவிட்டு இரண்டையும் வைத்தேன். படம் எடுத்து அனுப்பிவிட்டு டிராமுக்கு ஓடினேன்.